கறுப்பு அந்துப்பூச்சி எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: "ஆலைப்புகையால் மரங்கள் கறுத்ததும் இங்கிலாந்தில் அந்துப்பூச்சிகளும் கறுப்பாக மாறின என்று பள்ளியில் படித்தோம். தன் நிறம் மரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு பூச்சிக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எப்படி மாற்றிக்கொள்ளும்? அந்த ஆராய்ச்சியே மோசடி என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?"

முதல் பாதிக்குப் பதில் சின்னது. பூச்சிக்கு எதுவும் தெரியாது. எந்தப் பூச்சியும் தன் சிறகின் நிறத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வெள்ளையாகப் பிறந்தது வெள்ளையாகவே செத்தது, கறுப்பாகப் பிறந்தது கறுப்பாகவே செத்தது. எந்தப் பூச்சி முட்டையிடும்வரை உயிரோடு இருந்தது, எது அதற்குள் பறவையின் வாய்க்குள் போனது என்கிற கணக்குதான் மாறியது. அந்தக் கணக்கை எழுதியது பறவை. இதைப் பிடித்துக்கொண்டால் உருமறைப்பும் இயற்கைத் தேர்வும் பெரும்பகுதி புரிந்துவிடும்.

இரண்டாம் பாதிக்கு, அதாவது மோசடிப் புகாருக்கு, கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்தப் பூச்சியைப் பார்த்துவிடலாம்.

பிஸ்டன் பெடுலேரியா என்பது இதன் அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் பெப்பர்ட் மாத். சிறகை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளைச் சிறகில் கரும்புள்ளிகளும் கோடுகளும் மிளகுப்பொடி தூவியதுபோல் சிதறிக் கிடக்கும், பெயரும் அதனால்தான். இரவில்தான் பறக்கும். விடிந்தால் ஏதாவது கிளையில் சிறகை மரத்தோடு மரமாக அப்பி வைத்துக்கொண்டு அந்தி வரை அசையாமல் இருக்கும். வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. அதற்கு இருக்கிற சில நாட்களில் துணை தேட வேண்டும், முட்டையிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தச் சில பகல்களை உயிரோடு கடந்துவிட்டால் ஒரு பெண்பூச்சி இரண்டாயிரம் முட்டை வரை இடும்.

வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தால் இது ஒளிந்துகொள்ளத் தெரியாத பூச்சி மாதிரிதான் தெரியும். ஆனால் புகையில்லாத இங்கிலாந்துக் காட்டில் மரப்பட்டை வெறும் பழுப்பாக இருக்காது. அதன்மேல் வெளிறிய சாம்பல் நிறத்தில் லைக்கன் படர்ந்திருக்கும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஒரு துண்டு கல்பாசியைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் வெளிறல், இன்னொரு பக்கம் கறுப்பு, ஓரமெல்லாம் சுருள். இப்படிப்பட்ட படர்ந்த திட்டுகளுக்கு நடுவே புள்ளிபோட்ட வெள்ளைச் சிறகு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது.

லைக்கனுக்குக் கந்தக டை ஆக்ஸைடு ஆகாது. நிலக்கரி எரித்த ஊர்களில் முதலில் லைக்கன் செத்தது, அப்புறம் வெறும் பட்டைமேல் கரி படிந்தது. மான்செஸ்டரில் 1848ல் முழுக்கக் கறுப்பான ஒரு பெப்பர்ட் மாத் பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. அப்போது அது அபூர்வம். 1895 வாக்கில் அதே மான்செஸ்டர் பகுதியில் நூற்றுக்கு 98 கறுப்பு. இந்தப் பூச்சிக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். அப்படியானால் ஐம்பது தலைமுறைக்குள் ஊரே தலைகீழாகிவிட்டது.

இதற்குக் காரணம் பறவைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று 1896லேயே ஜே. டபிள்யூ. டட் என்ற பூச்சியியலாளர் எழுதினார். 1924ல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: இவ்வளவு வேகத்தில் கறுப்பு பரவ வேண்டுமானால், வெள்ளைப் பூச்சி இரண்டு பிழைக்கும் இடத்தில் கறுப்பு மூன்று பிழைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இயற்கைத் தேர்வு என்றால் லட்சக்கணக்கான வருடம் நகத்தளவு நகத்தளவாக நடப்பது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஐம்பது சதவீத அனுகூலம் என்பதை நம்பவே பலருக்கு முடியவில்லை. (இந்த ஹால்டேன்தான் 1957ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தவர். நம் மாணவர்கள் அவரை இன்னும் நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.)

சரி, அந்த முதல் கறுப்புப் பூச்சி எப்படி வந்தது? கரி படிந்த இலையைப் புழு தின்றதால் வந்திருக்கும் என்று 1920களில் ஹெஸ்லப் ஹாரிசன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. கறுப்பைத் தின்றால் கறுப்பாகும் என்று மனம் சட்டென்று ஒப்புக்கொள்ளும். ஆனால் அவர் சொன்ன முடிவு மற்றவர்கள் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. உண்மையான விடை 2016ல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் கிட்டத்தட்ட 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள் கிட்டத்தட்ட எல்லா உயிர்களிலும் உண்டு, அதில் ஒன்று. செருகல் நடந்த காலத்தை அவர்கள் கணித்தபோது 1819 வாக்கில் என்று வந்தது.

இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். அந்தத் துண்டு தாவியதற்கும் மரம் கறுத்ததற்கும் சம்பந்தம் இல்லை. தேவைப்பட்டது என்பதற்காக அது தாவவில்லை. இதே தாவல் லைக்கன் படர்ந்த காட்டில் நடந்திருந்தால், பிறந்த கறுப்புப் பூச்சி வெளிறிய பட்டைமேல் பளிச்சென்று தெரிந்து முதல் பகலிலேயே இரையாகியிருக்கலாம். யாரும் அதைப் பற்றி எழுதியிருக்கவும் மாட்டார்கள். மரபணுப் பிழைகள் எந்தக் காலத்திலும் குருட்டாம்போக்கில் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. எது தங்கும், எது போகும் என்பதுதான் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. கூடவே ஒரு வசதியும் இருந்தது: இந்தக் கறுப்பு ஓங்குபண்பு. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு பிரதி வந்தால் போதும், சிறகு முழுக்கக் கறுப்பு. ஒடுங்குபண்பாக இருந்திருந்தால் பல தலைமுறைக்கு உள்ளேயே மறைந்து கிடந்திருக்கும், இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது.

இப்போது அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். பெர்னார்ட் கெட்டில்வெல் மருத்துவராக இருந்து பூச்சியியலுக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தார். 1953ல் பர்மிங்காம் அருகே கரிபடிந்த ஒரு காட்டில் கறுப்பு 447, வெள்ளை 137 என்று பூச்சிகளை விட்டார். ஒவ்வொன்றின் சிறகுக்கும் அடியில், பறவைக்குத் தெரியாதபடி, ஒரு சொட்டுப் பெயின்ட். இரவில் விளக்குப்பொறி வைத்தும் பெண்பூச்சியின் வாசனையைக் காட்டியும் திரும்பப் பிடித்தார். கறுப்பில் 123 திரும்பக் கிடைத்தது, அதாவது நூற்றுக்கு 27க்கு மேல். வெள்ளையில் 18தான், நூற்றுக்கு 13. 1955ல் தென் இங்கிலாந்தின் டார்செட்டில் லைக்கன் நிறைந்த காட்டில் இதையே செய்தபோது கணக்கு அப்படியே திரும்பியது: வெள்ளை 496ல் 62, கறுப்பு 473ல் 30.

பறவை இந்தப் பூச்சியைத் தின்னும் என்பதையே பலர் ஏற்காத காலம் அது. அதனால் நிகோ டின்பெர்கன் கேமராவுடன் மறைவில் உட்கார்ந்து படம் பிடித்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் அவர். டார்செட்டில் பறவைகள் பிடித்துத் தின்ற 190 பூச்சிகளில் 164 கறுப்பு, 26 வெள்ளை. ராபினும் ஈப்பிடிப்பானும் மரத்தண்டிலிருந்து பூச்சியைக் கொத்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த பிறகு வாதாட இடமில்லாமல் போனது.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைக்கக் கூடாது. கெட்டில்வெல் பூச்சிகளைப் பகலில் விட்டார். பெரும்பாலும் அடிமரத்தில் வைத்தார். இயல்பில் அவை இரவில் தாமாக இடம் தேடி அமர்பவை, பெரும்பாலும் கிளைகளில் அமர்பவை. ஒரே இடத்தில் நிறையப் பூச்சிகளை விட்டதால் பறவைகளுக்கு அது விருந்துச் சாப்பாடாகவும் ஆகியிருக்கலாம். பாடப்புத்தகப் படங்கள் பலவும் செத்த பூச்சியைப் பட்டையில் வைத்து எடுத்தவை. 1990களின் கடைசியில் இதையெல்லாம் கோத்து, மொத்தமும் பித்தலாட்டம் என்று பரிணாமத்தை ஏற்காதவர்கள் பிரசாரம் செய்தார்கள். நீங்கள் கேட்ட மோசடிப் பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது. என் கருத்து: செய்முறை மீது வைத்த விமர்சனம் நியாயம், மோசடி என்றது அநியாயம். செய்முறையில் ஓட்டை இருந்தால் அதை அடைத்துத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அறிவியலில் வழி.

அப்படியே செய்தும் பார்த்தார்கள். இவ்வளவு நல்ல பின்கதை பலருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மஜேரஸ், கெட்டில்வெல்லின் செய்முறைக் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னவர்களில் முக்கியமானவர். 2001லிருந்து 2007 வரை தன் வீட்டை ஒட்டிய இடத்தில் அவரே புதிய பரிசோதனை ஒன்றை நடத்தினார். முதலில் மரமேறி, பூச்சிகள் தாமாக எங்கே அமர்கின்றன என்று பார்த்தார். பாதியளவு பக்கக்கிளைகளில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிமரத்தில், மீதி குச்சிகளில். எனவே அடிமரத்தில் வைத்ததுகூட முழுத்தப்பில்லை. அப்புறம் கிளைகளைச் சுற்றி வலை கட்டி, இரவில் அதற்குள் பூச்சியை விட்டு, தானாக இடம் தேடி அமரவிட்டார். விடிவதற்கு முன் வலையை எடுத்துவிடுவார். நாலு மணி நேரம் கழித்து வந்து எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்வார். வீட்டிலிருந்தே பைனாகுலரில் பறவைகள் தின்பதையும் பார்த்தார். மொத்தம் 4,864 பூச்சிகள். காற்று சுத்தமாகிவிட்ட அந்தக் காலத்தில், கறுப்புப் பூச்சி ஒரு பகலைத் தாண்டும் வாய்ப்பு வெள்ளையைவிட நூற்றுக்கு ஒன்பது பத்து குறைவாக இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால் வாழ்நாள் முழுக்க எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். மஜேரஸ் 2009ல் இறந்துபோனார். அவர் சேர்த்த தரவுகளை மற்ற நால்வர் ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார்கள்.

இதற்கும் மேல் ஒரு சாட்சி இருக்கிறது. லண்டனை மூச்சுத் திணறடித்த 1952 புகைமூட்டத்துக்குப் பிறகு 1956ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. கரிப்புகை குறைந்தது, லைக்கன் மெல்லத் திரும்பியது. லிவர்பூல் பக்கத்தில் கால்டி என்ற இடத்தில் சிரில் கிளார்க் 1959ல் எண்ணத் தொடங்கியபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பு. 1990களின் நடுவில் அது இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனிலும் இதேபோல் கறுப்பு ஏறி இறங்கியிருக்கிறது. சூழல் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமே பூச்சியும் திரும்பியிருக்கிறது, இரண்டு கண்டங்களில்.

உருமறைப்பைப் பற்றிப் பேசும்போது நம் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்வது பெரிய தொல்லை. ஒரு சிறகு நமக்குத் தெரிகிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை, தின்னவருகிறவரின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பறவைகளுக்கு நம்மைவிட ஒரு வகை நிற உணர்வு கூடுதல், புற ஊதாவும் தெரியும். 2018ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் பறவைக் கண்ணின் கணக்கில் வைத்தே அளந்து பார்த்தார்கள்: லைக்கன் பட்டைமேல் வெள்ளைப் பூச்சி மிக நெருக்கமாகப் பொருந்தியது. போலிப் பூச்சிகளை மரத்தில் ஒட்டிப் பார்த்தபோதும் வெள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 21 கூடுதல். புலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பச்சைக் காட்டில் செம்மஞ்சள் புலி எப்படி ஒளியும்? மான் கண்ணில் இரண்டே வகை நிற உணர்விகள். செம்மஞ்சளும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

அப்படியானால் எந்த உயிரும் தன் ஆயுளில் நிறம் மாறுவதே இல்லையா? மாறுகின்றன, இங்கேதான் குழப்பமும் வருகிறது. கணவாய் நொடியில் மாறும். பச்சோந்தியும் மாறும், ஆனால் அது ஒளிவதற்காக மாறுவதைவிட மற்ற பச்சோந்திகளுக்குச் சேதி சொல்லவும் உடல் சூட்டைச் சரிசெய்யவும் மாறுவதே அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பெப்பர்ட் மாத்தின் புழுவே நிறம் மாறும். நம்மூர் ஆமணக்கில் காவடிப்புழு நெளிந்து போகுமே, அதே நடை. தொந்தரவு செய்தால் பின்கால்களால் கிளையைப் பற்றி, உடம்பை விறைத்துச் சாய்வாக நீட்டிக்கொள்ளும். அப்போது அது முழுக்க ஒரு குச்சி. பச்சைக்குச்சியில் வளர்த்தால் பச்சையாகும், பழுப்புக்குச்சியில் பழுப்பாகும், பல நாள் பிடிக்கும்.

கண்ணால் பார்த்துத்தான் மாற்றிக்கொள்கிறது என்று நினைப்போம். 2019ல் வெளியான ஆய்வில் அந்தப் புழுக்களின் கண்மேல் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் பூசி மறைத்தார்கள். புழு அப்போதும் குச்சியின் நிறத்துக்கே மாறியது! தேடிப் பார்த்ததில், பார்வைக்கான ஒளியுணர் மரபணுக்கள் அதன் தோலிலும் வேலை செய்வது தெரிந்தது. உடம்பாலேயே நிறத்தைக் காண்கிறது. இது இயற்கைத் தேர்வுக்கு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நிறம் மாற்றும் திறமை கொஞ்சம் இருந்த புழுக்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்து, அந்தத் திறமைதான் தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: மிகச் சிறந்த நிறம் ஒன்று இருந்தால் எல்லாமே அதற்குத்தானே வந்துசேர வேண்டும், ஏன் ஒரே இனத்தில் இத்தனை வகை? பறவைக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி கிடைக்கும் வகையை மனதில் பதித்துக்கொண்டு அதையே தேடும், அபூர்வமானதைத் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆலன் பாண்டும் ஆலன் காமிலும் நீலஜே பறவைகளைக் கணினித்திரை முன் உட்காரவைத்தார்கள். திரையில் அந்துப்பூச்சிப் படங்கள். கண்டுபிடித்துக் கொத்தினால் தீனி. தப்பிய படங்களை மட்டும் இனப்பெருக்கம் செய்வதுபோலக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். நூறு தலைமுறை போனபின் படப்பூச்சிகள் கண்டுபிடிக்கக் கடினமாகியிருந்தன, கூடவே ஒன்றைப்போல் ஒன்று இல்லாமலும் ஆகியிருந்தன. எண்ணிக்கையில் குறைவாக இருப்பதே ஒரு மறைவிடம்.

பூச்சியோடு நிற்காமல் பாலூட்டிகளுக்கும் ஒரு எட்டுப் போகலாம். அமெரிக்கப் பாலைவனத்தில் பாறைப் பை எலி என்று ஒன்று. மணல்நிறத் தரையில் மணல்நிற எலி, பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறையில் கறுப்பு எலி, ஆந்தைக்குத் தப்ப. அரிசோனாவின் கறுப்பு எலிகளில் இதற்குக் காரணம் எம்சி1ஆர் என்ற மரபணுவில் வந்த மாற்றம் என்று 2003ல் கண்டுபிடித்தார்கள். நியூ மெக்ஸிகோவின் கறுப்புப் பாறைகளில் உள்ள கறுப்பு எலிகளைப் பார்த்தால் அந்த மாற்றம் இல்லை, வேறு மரபணு வழியாகக் கறுத்திருக்கின்றன. ஆந்தைக்கு மரபணு எது என்று கவலையில்லை, முதுகு தெரிகிறதா என்பதுதான் கவலை.

கடைசியாக, மரபில் மாற்றம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்கப் பனிமுயல். கோடையில் பழுப்பு, குளிரில் வெள்ளை. எப்போது மாற வேண்டும் என்பதை அது பனியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பகலின் நீளம் குறைவதையும் கூடுவதையும் வைத்து உடம்பு முடிவு செய்கிறது. பருவநிலை மாறிப் பனி தாமதமாக விழுந்து சீக்கிரம் கரைவதால், பழுப்புத் தரையில் வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கிறது. ஓடவும் தோன்றாது, தான் மறைந்திருப்பதுபோலவே உட்கார்ந்திருக்கும். மான்டானாவில் ஸ்காட் மில்ஸ் குழுவினர் கழுத்துப்பட்டை மாட்டி முயல்களைப் பின்தொடர்ந்தபோது, இப்படி நிறம் பொருந்தாத முயலின் வாராந்தரப் பிழைப்பு வாய்ப்பு ஏழு சதவீதம் வரை குறைவதைக் கண்டார்கள்.

பசிபிக் கடலோரத்தில், பனி குறைவான பகுதிகளில், குளிரிலும் பழுப்பாகவே இருக்கும் பனிமுயல்கள் இருக்கின்றன. 2018ல் அதன் காரணம் தெரிந்தது: அகூட்டி என்ற மரபணுவின் ஒரு வடிவம், எப்போதோ நடந்த கலப்பில் கருவால் ஜாக் முயலிடமிருந்து வந்தது. வெள்ளையும் பழுப்பும் கலந்து வாழும் இடங்களைத்தான் முதலில் பாதுகாக்க வேண்டும் என்று மில்ஸ் குழுவினர் வரைபடம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த இடங்களிலிருந்துதான் பழுப்பு மரபணு மற்ற இடங்களுக்குப் பரவ முடியும். இரண்டில் ஒரு நிறம் மட்டுமே மிச்சம் இருக்கும் இடத்தில் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது, இருப்பதைத் தின்னத்தான் முடியும்.